ஒன்பது புழுவில் மூன்று

தாண்டிக்குடியிலிருந்து:

காப்பித் தோட்டத்து ஓரத்தில் நிற்கும் கமலா ஆரஞ்சுக் கன்றில் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருப்பதை ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் முதலில் பார்த்தாள். எச்சம் நகர்ந்தது! எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பறவைகளை ஏமாற்ற அந்த வேஷம். தோலுரித்து வளர்ந்த பிறகு பச்சைக்கு மாறிவிடும். ஒன்பது புழுக்களைக் கிளையோடு வெட்டி எடுத்து வந்தோம்.

அத்தை வாசலிலேயே மறித்தார். "கம்பளிப்பூச்சியையா வீட்டுக்குள் கொண்டுவருகிறாய்? பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும்." நம் ஊரில் புழு என்றாலே கம்பளிப்பூச்சிதான். இதற்கு மயிரே கிடையாது, அரிக்காது என்று மகள் தன் கையில் ஊரவிட்டுக் காட்டினாள். சீண்டினால் மட்டும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். ஒரு நெடி கிளம்பும். அந்தக் கொம்பைப் பார்ப்பதற்காகவே சின்னவன் ஓயாமல் சீண்டினான்.

அட்டைப்பெட்டியில் பழைய கொசுவலையை ஒட்டினால் கூண்டு தயார். அதில் சிரமம் எதுவுமில்லை. சிரமமெல்லாம் இலைதான். கடைசி நாட்களில் அவை தின்னும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஒருநாள் நல்ல மழை. தோட்டத்துக்குப் போகச் சோம்பல்பட்டு, இதுவும் எலுமிச்சைக் குடும்பம்தானே என்று சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கழுவிப் போட்டேன். ஆவலாகத் தின்றன. மறுநாள் காலையில் ஐந்து புழுக்கள் பச்சை நீரைக் கக்கிச் சுருண்டு கிடந்தன. மருந்தடித்த இலை, கழுவினால் போகிற மருந்தில்லை. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதே இலையைத்தான் நாங்கள் ரசத்தில் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது.

மிஞ்சிய நான்கும் கூட்டுப்புழுவாயின. பச்சைக் குச்சியில் பற்றியிருந்தவை பச்சை, அட்டையில் ஒட்டிக்கொண்டது பழுப்பு. எங்கள் மலைக் குளிருக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதற்குள் ஒரு கூடு கறுத்து, சின்ன ஓட்டை விழுந்து, எறும்பைவிடச் சிறிய குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. கூண்டைத் திறந்தபடி திண்ணையில் வைத்திருந்த நேரத்தில் தாய்க்குளவி வந்து முட்டையிட்டிருக்க வேண்டும். "இவற்றையும் வளர்க்கலாமா?" என்று கேட்டான் சின்னவன்.

மூன்று வண்ணத்துப்பூச்சிகள் காலை வெயிலில் வெளிவந்தன. முதல் பூச்சி சிறகை விரிக்கும்போது சிவந்த நீர் சொட்டியது. "ஐயோ, ரத்தம்!" என்று பதறியவர் அத்தை. கூட்டுக்குள் சேர்ந்த கழிவுதான் அது என்று மகள் விளக்கினாள். அதன்பின் அது பறக்கும்வரை அத்தை யாரையும் பக்கத்தில் விடவில்லை.

கோத்தகிரியிலிருந்து பதில்:

எங்கள் வீட்டில் தீனி வேறு விதம். கறுப்பில் சிவப்புப் பட்டை போட்ட மலை வண்ணத்துப்பூச்சி ஒன்று, தொட்டால் தீயாய் எரிகிற செடியில்தான் முட்டையிடுகிறது. புழு அந்த இலையையே மடித்துப் பட்டுநூலால் தைத்து உள்ளே குடியிருக்கிறது. பையன்கள் தினமும் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு போய்ப் பறித்து வருகிறார்கள். ஒன்று மட்டும் நிச்சயம், அந்த இலையில் யாரும் மருந்தடிப்பதில்லை.

தாண்டிக்குடியிலிருந்து:

இதை அத்தையிடம் படித்துக் காட்டினேன். எலுமிச்சைத் தொட்டி ஒன்று வேண்டுமாம். சமையலுக்கு அதிலிருந்து ஒரு இலைகூடக் கிள்ளக்கூடாதாம்.