ஜானி மார்: ஸ்மித்ஸுக்குப் பிறகு சிதறிப்போனாரா, விரிந்தாரா?

ரெக்கார்டுப்பெட்டி:

ஜானி மாரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் 'எந்தக் குழுவில் போட்டாலும் பொருந்திவிடுவார், அப்படியொரு பன்முகத் திறமை' என்ற பாராட்டு தவறாமல் வந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவரை அவ்வளவு பிடிக்கும் என்பதால்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த கிட்டார் கலைஞர், 1963இல் பிறந்தவர். 1982இல் பாடகர் மாரிஸ்ஸியோடு சேர்ந்து தி ஸ்மித்ஸ் என்ற ராக் குழுவைத் தொடங்கினார். 1984 முதல் 1987 வரை நான்கு ஸ்டுடியோ ஆல்பங்கள், நடுநடுவே ஆல்பத்தில் சேராத சிங்கிள்கள் (தனிப்பாட்டு வெளியீடுகள்). 23 வயதில் குழுவை விட்டு வெளியே வந்தார். அப்புறம் ப்ரிடெண்டர்ஸில் கொஞ்ச காலம், மேட் ஜான்சனின் 'தி தி' குழுவில் இரண்டு ஆல்பங்கள், நியூ ஆர்டர் குழுவின் பெர்னார்ட் சம்னரோடு எலக்ட்ரானிக் என்ற குழு, அமெரிக்காவில் மாடஸ்ட் மவுஸ், திரும்பி வந்து தி க்ரிப்ஸ், நடுவில் ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மரின் சினிமா இசை. தன் பெயரை மட்டும் போட்டு முதல் ஸ்டுடியோ ஆல்பம் வெளியிட்டது 2013இல். அப்போது வயது 49.

ஐந்து வருடத்தில் ஒரு தலைமுறையின் கிட்டார் வாசிப்பையே மாற்றியவர், அடுத்த இருபத்தைந்து வருடம் பெரும்பாலும் அடுத்தவர் குழுவில் போய் நின்றார். இதைப் பன்முகத் திறமை என்கிறோம். நான் இதை இழப்பு என்கிறேன்.

ஆறாவது_தந்தி:

கிட்டார் வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் அவரை வேறொரு வகைக் கலைஞராக நினைத்துக்கொண்டு அளக்கிறீர்கள். எண்பதுகளில் கிட்டார் நாயகன் என்றால் நடுமேடைக்கு வந்து நீளமாக சோலோ வாசிப்பவர். ஸ்மித்ஸ் பாடல்களில் அப்படிப்பட்ட சோலோவைத் தேடினால் கிடைக்காது. பாட்டின் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் தனித்தனி ஸ்வரங்கள், திறந்த தந்திகளின் அதிர்வு, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்த கிட்டார்கள், இவைதான் அவர் வேலை. பாட்டுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிற மூளை அது.

'ஹவ் சூன் இஸ் நவ்?' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் வந்த பாட்டு. அந்தத் துடிக்கும் ஒலி கணினி வேலை இல்லை. பதிவு செய்த கிட்டாரை நான்கு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபையர்களுக்கு அனுப்பி, அவற்றில் இருக்கும் ட்ரெமொலோவை, அதாவது ஒலியின் அளவைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் வசதியை, ஓடவிட்டார்கள். ட்ரெமொலோவின் வேகம் பாட்டின் தாளத்தோடு தானாக ஒட்டி நிற்காது, சில நொடிகளில் விலகிவிடும். ஜானி மாரும் தயாரிப்பாளர் ஜான் போர்ட்டரும் ஆளுக்கு இரண்டு ஆம்ப் என்று பிரித்துக்கொண்டு, குமிழைக் கையால் திருகிக்கொண்டே இருந்தார்கள். விலகியதும் டேப்பை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி அங்கிருந்து. முழுப் பாட்டும் இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்ததுதான்.

கிட்டாரை ஒரு ஒலி மூலமாகப் பார்க்கும் ஆள் இவர். நான்கு பேர் கொண்ட ஒரே குழுவில் காலம் முழுக்க உட்கார வைத்திருந்தால் அந்த ஆர்வம் செத்திருக்கும்.

மழைநாள்:

ஆறாவது_தந்தி சொன்ன உதாரணம் அருமை. ஆனால் அது ரெக்கார்டுப்பெட்டியின் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது.

ஸ்மித்ஸில் பாட்டு எப்படிப் பிறந்தது? பெரும்பாலும் ஜானி மார் முதலில் இசையை முடித்து கேசட்டில் கொடுப்பார், மாரிஸ்ஸி அதன்மேல் வரிகளும் மெட்டும் அமைப்பார். அதாவது பாட்டின் எலும்புக்கூடே இவருடையது. 'தி தி' குழுவில் பாட்டை எழுதுபவர் மேட் ஜான்சன். 'மைண்ட் பாம்ப்' (1989), 'டஸ்க்' (1993) இரண்டும் எனக்கு உயிர். அவற்றில் ஜானி மார் ஹார்மோனிகாகூட வாசித்திருக்கிறார், பிரமாதமாக. ஆனால் அவை ஜான்சனின் ஆல்பங்கள். இசையை எழுதியவர் பக்கவாத்தியக்காரர் ஆனார். பக்கவாத்தியம் தாழ்ந்தது என்று சொல்லவில்லை. அதைச் செய்ய வேறு நல்ல கலைஞர்கள் இருந்தார்கள். ஸ்மித்ஸ் பாட்டை எழுத இவர் ஒருவர்தான் இருந்தார்.

தெற்குவாசல்:

'விட்டு வெளியே வந்தார்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். ஏன் வந்தார் என்று பார்க்காமல் மீதி வாழ்க்கையை எடைபோட முடியாது.

ஸ்மித்ஸுக்கு நிலையான மேனேஜர் யாரும் அமையவில்லை. அந்த வேலைகள் எல்லாம் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இந்தப் பையன் தலையில் விழுந்தன. இசை எழுத வேண்டும், ஸ்டுடியோவில் உட்கார வேண்டும், கணக்கு வழக்கும் பார்க்க வேண்டும். கடைசிக் காலத்தில் ஒரு சிங்கிளின் பின்பக்கத்துக்காக பாடகி சில்லா ப்ளாக்கின் பழைய பாட்டைப் பதிவு செய்ய வேண்டி வந்ததும் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஆளை முறித்துவிட்டது.

அதன் பிறகும் விட்டதா? வருமானத்தில் மாரிஸ்ஸியும் இவரும் தலைக்கு 40 சதவீதம், பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்கும் டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸும் தலைக்கு 10 என்று பிரித்து வந்தார்கள். ஜாய்ஸ் வழக்குப் போட்டு, 1996இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்கு நாலில் ஒரு பங்கு சேரும் என்றது. ஒழுங்காக எழுதி வைக்காத ஒரு ஏற்பாட்டின் விலை அது.

இப்படி ஒரு குழுவிலிருந்து வெளியே வந்தவர், அடுத்த குழுவில் வாசிப்பவராக மட்டும் இருக்க ஆசைப்பட்டால் அதை எப்படிக் குறை சொல்வது? மேட் ஜான்சன் பாட்டு எழுதட்டும், நான் கிட்டாரைப் பார்த்துக்கொள்கிறேன் என்பது அந்த வயதில் பெரிய நிம்மதி.

ரெக்கார்டுப்பெட்டி:

தெற்குவாசல், நியாயம்தான். வெளியே வந்ததை நான் குறை சொல்லவேயில்லை. மூச்சு வாங்க இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொள்ளட்டும். இருபத்தைந்து வருடம் எதற்கு?

கீபோர்டுக்காரி:

இந்த விவாதத்தில் எலக்ட்ரானிக் குழுவை யாரும் தொடாமல் போவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. மழைநாள், 'எழுதுபவர் வாசிப்பவர் ஆனார்' என்கிறீர்களே, எலக்ட்ரானிக்கில் ஜானி மார் பாதி எழுத்தாளர். சம்னரும் அவரும் சமப் பங்காளிகள்.

1989 டிசம்பரில் வந்த 'கெட்டிங் அவே வித் இட்', பெட் ஷாப் பாய்ஸின் நீல் டென்னன்டும் சேர்ந்து எழுதிப் பாடியது. இங்கிலாந்துத் தரவரிசையில் 12ஆம் இடம் வரை போனது. 1991இல் வந்த முதல் ஆல்பம் 2ஆம் இடம். அவர்கள் முதன்முதலில் மேடையேறியது லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியத்தில், 1990இல் டெபெஷ் மோடு குழுவின் கச்சேரிக்கு முன்னால். இரண்டாவது ஆல்பமான 'ரெய்ஸ் த ப்ரெஷ'ருக்கு ஜெர்மன் மின்னிசைக் குழுவான க்ராஃப்ட்வெர்க்கில் இருந்த கார்ல் பார்ட்டோஸ் வந்து சேர்ந்து எழுதினார். இதெல்லாம் அடுத்தவர் குழுவில் போய் நிற்பதா?

ரசிகர்கள் கோபப்பட்டதற்குக் காரணம் வேறு. அவரிடமிருந்து கிட்டார் எதிர்பார்த்தார்கள், அவர் சிந்தசைசரையும் சீக்குவென்சரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மான்செஸ்டரில் அப்போது ஹாசியண்டா கிளப்பில் ஹவுஸ் என்ற நடன இசை பொங்கிக்கொண்டிருந்தது. சொந்த ஊரில் அப்படி ஒன்று நடக்கும்போது 1984ஐத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டுமா? எத்தனை கிட்டார் கலைஞர்களுக்கு கிட்டாரைக் கீழே வைக்கும் தைரியம் இருந்திருக்கிறது?

மழைநாள்:

எலக்ட்ரானிக்கை ஒதுக்கவில்லை. முதல் ஆல்பம் நல்ல ஆல்பம். ஆனால் அதைக் கேட்கும்போது எனக்கு முதலில் சம்னர் கேட்கிறார், அப்புறம் பெட் ஷாப் பாய்ஸ் கேட்கிறார்கள். ஜானி மாரை நான் தேட வேண்டியிருக்கிறது. ஸ்மித்ஸின் 'திஸ் சார்மிங் மேன்' தொடங்கி இரண்டே நொடியில் யார் கை என்று தெரிந்துவிடும். அந்தக் கையெழுத்து எங்கே போனது என்பதுதான் கேள்வி.

ஆறாவது_தந்தி:

> அந்தக் கையெழுத்து எங்கே போனது

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டுக்குப் போனது, மழைநாள்!

2006இல் மாடஸ்ட் மவுஸின் பாடகர் ஐசக் ப்ராக் கூப்பிட்டு ஜானி மார் அங்கே போனார். சேர்ந்து எழுத ஆரம்பித்தபோது அங்கே கிடந்த ப்ராக்கின் ஃபெண்டர் ஜாகுவார் கிட்டாரைக் கையில் எடுத்தார். 'டாஷ்போர்ட்' பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) அதில் வந்து விழுந்தது. விருந்தாளியாகப் போனவர் முழு உறுப்பினராகவே ஆகிவிட்டார். 2007 மார்ச்சில் வந்த அந்தக் குழுவின் ஆல்பம் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் நேராக முதலிடம். ஸ்மித்ஸ் அமெரிக்காவில் அந்த உயரத்தின் பக்கத்தில்கூடப் போனதில்லை.

ஜாகுவார் கதை அத்தோடு முடியவில்லை. ஸ்மித்ஸ் காலத்தில் ரிக்கன்பேக்கர் 330, டெலிகாஸ்டர், கிப்ஸன் 355 என்று வாசித்தவர், இந்த கிட்டாரைப் பிடித்த பிறகு வேறு எதையும் அவ்வளவாகத் தொடவில்லை. ஃபெண்டரோடு உட்கார்ந்து தனக்கான ஜாகுவாரை வடிவமைத்தார், 2012இல் அது விற்பனைக்கு வந்தது. பழைய ஜாகுவாரில் பிக்அப்புகளை (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதிகள்) மாற்ற கீழே மூன்று சின்ன நழுவு சுவிட்சுகள் இருக்கும். வாசிக்கும்போது தேடிப் பிடிப்பதே பாடு. அதை எடுத்துவிட்டு நான்கு நிலை சுவிட்ச் ஒன்றை வைத்தார். நான்காவது நிலையில் இரண்டு பிக்அப்பும் தொடராக இணைந்து ஒலி தடிக்கும். ஸ்வரத்தை வளைக்கும் ட்ரெமொலோ கம்பி ஆடாமல் விட்ட இடத்தில் நிற்க அதன் குழியில் ஒரு நைலான் உறை. நான் கடையில் வாசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பியைச் சுண்டுவிரலில் தாங்கிக்கொண்டே ஸ்வரங்களை எடுக்கலாம். சிந்திக்காத ஆளுக்கு இந்த மாற்றங்கள் தோன்றாது.

இருபது வருட அலைச்சலில் ஒரு வாத்தியத்தையே திருத்தி எழுதியிருக்கிறார். இது சிதறலா?

ரெக்கார்டுப்பெட்டி:

கிட்டார் பிரமாதமாக இருக்கட்டும். நான் பாட்டைக் கேட்கிறேன்.

மாடஸ்ட் மவுஸ் ஒரு ஆல்பம். அப்புறம் க்ரிப்ஸ், 2008இலிருந்து 2011 வரை, அதுவும் ஒரே ஆல்பம், 'இக்னோர் தி இக்னரண்ட்'. ஒரு குழுவோடு இரண்டாவது, மூன்றாவது ஆல்பம் போடும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். 'த க்வீன் இஸ் டெட்' ஸ்மித்ஸின் மூன்றாவது ஆல்பம், அதை மறக்க வேண்டாம். பல இடங்களில் இவர் அந்த மூன்றாவது ஆல்பம் வரும் முன்பே கிளம்பிவிட்டார். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்.

இன்றைக்கு அவர் கச்சேரியில் கூட்டம் எதற்குக் காத்திருக்கிறது? 'தேர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்'டுக்கு. 1986இன் பாட்டு.

கீபோர்டுக்காரி:

அதே கச்சேரியில் 'கெட்டிங் அவே வித் இட்'டும் வாசிக்கிறார், கூட்டம் அதற்கும் ஆடுகிறது. இரண்டையும் எழுதியது ஒரே கை. ஒன்றை மட்டும் கணக்கில் எடுப்பது எப்படி நியாயம்? எலக்ட்ரானிக் மூன்று ஆல்பம் போட்டது, உங்கள் 'மூன்றாவது ஆல்பம்' கணக்கும் அங்கே தேறிவிட்டது.

தெற்குவாசல்:

'இன்செப்ஷன்' (2010) படத்துக்கு ஹான்ஸ் சிம்மர் இவரைக் கூப்பிட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, எலக்ட்ரானிக் ஒலிகள், அத்தனைக்கும் நடுவே ஒரு பன்னிரண்டு தந்தி கிட்டார் நான்கைந்து ஸ்வரங்களை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. வேகம் இல்லை, வித்தை இல்லை. அந்த ஒலியைக் கேட்டதும் எனக்கு 'ஹவ் சூன் இஸ் நவ்?' தான் ஞாபகம் வந்தது. குறைவாக வாசித்து அறையை நிரப்பும் அதே குணம். பிறகு 2021இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'நோ டைம் டு டை'க்கும் சிம்மர் அவரைத்தான் அழைத்தார். மழைநாள் தேடும் கையெழுத்து எனக்கு அங்கே தெளிவாகத் தெரிகிறது.

மழைநாள்:

சிம்மர் படங்களில் அந்த ஒலி இருக்கிறது, ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் நோயல் கல்லாகர், பெர்னார்ட் பட்லர், ரேடியோஹெட்டின் எட் ஓப்ரையன் என்று எத்தனையோ பேர் ஜானி மாரைப் பார்த்துக் கற்றதாகச் சொல்கிறார்கள். எல்லோரும் காட்டுவது அந்த ஐந்து வருடத்தை. பின்னால் வந்த வேலையைப் பார்த்து கிட்டார் எடுத்த அப்படி ஒரு வரிசை எங்கே?

ஆறாவது_தந்தி:

அடுத்தவரைப் பாதித்ததை மட்டும் வைத்து ஒருவரின் வேலையை அளக்க முடியாது. பதினாறு வயதுப் பையன்கள்தான் ஒருவரைப் பார்த்து கிட்டார் எடுப்பார்கள், அவர்களுக்குப் பிடித்தது இருபது வயது ஜானி மார். நாற்பது வயது ஜானி மாரைக் கேட்க நாமும் கொஞ்சம் வயதாக வேண்டியிருக்கிறது.

ரெக்கார்டுப்பெட்டி, ஒன்று கேட்கிறேன். 2013இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பமான 'த மெசஞ்ச'ரில் 'நியூ டவுன் வெலாசிட்டி' என்று ஒரு பாட்டு. இசைக்காகப் பள்ளிக்கூடத்தை விட்ட அந்தப் பதினைந்து வயது நாளைப் பற்றியது. அகௌஸ்டிக் கிட்டார் முன்னால் நிற்கிறது, எலெக்ட்ரிக் பின்னால் தூரத்தில் மினுங்குகிறது. ஸ்மித்ஸின் மென்மையும் எலக்ட்ரானிக்கின் ஒழுங்கான தாளமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் இருந்து வராத ஆள் இதை எழுதியிருக்க முடியாது. ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வந்து பதில் எழுதுங்கள்.

ரெக்கார்டுப்பெட்டி:

தெரிந்த பாட்டுதான், மறுபடியும் இரண்டு முறை கேட்டேன். பாட்டு மிக நன்றாக இருக்கிறது. ஸ்மித்ஸ் தொகுப்பில் வைத்தாலும் தலைநிமிர்ந்து நிற்கும். என் வருத்தமும் அதனால்தான் கூடுகிறது. இப்படி எழுதத் தெரிந்தவர் சொந்தப் பெயரில் எழுத 49 வயது வரை ஏன் காத்திருந்தார்? 2003இல் ஹீலர்ஸ் குழுவோடு 'பூம்ஸ்லாங்' போட்டபோதே பாடத் தொடங்கிவிட்டார். அங்கிருந்து நேராகப் போயிருந்தால் இந்நேரம் நமக்கு நான்குக்குப் பதில் ஏழெட்டு தனி ஆல்பங்கள் இருந்திருக்கும்.

கீபோர்டுக்காரி:

அந்த ஏழெட்டில் மாடஸ்ட் மவுஸ் இருந்திருக்காது, 'டாஷ்போர்ட்' இருந்திருக்காது, ஆறாவது_தந்தி கடையில் வாசித்த ஜாகுவாரும் இருந்திருக்காது. அந்த ஜாகுவார் கைக்கு வராமல் 'த மெசஞ்சர்' இதே ஒலியில் வந்திருக்குமா என்பதை முதலில் சொல்லுங்கள். நாளைக்கு எலக்ட்ரானிக்கின் மூன்றாவது ஆல்பம் 'ட்விஸ்டட் டெண்டர்னெஸ்' (1999) பற்றித் தனித் திரி தொடங்குகிறேன். கிட்டார் எங்கே என்று கேட்ட மழைநாள் கட்டாயம் வர வேண்டும், அந்த ஆல்பம் முழுக்க கிட்டார்தான்.