கேதச் செய்தி வந்த ராத்திரியில் டிக்கெட் தேடியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பள்ளத்தூர்க்காரன், நியூஜெர்சி:

போன ஐப்பசியில் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) தவறிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஊரிலிருந்து ஆச்சி, அதாவது அக்கா, போன். அங்கே புதன் காலை ஏழு. என் பேரைச் சொன்னவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, அதிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்த பத்தாவது நிமிஷம் ஈரக்கையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நான், வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைகள், நாலு பேருக்கும் சேர்த்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து சென்னைக்குத் தேடினால் ஆளுக்கு 2,600 டாலர் என்று வந்தது. மறுபடி தேடினால் கூடுகிறது, எந்தத் தேதி எந்த நேரம் என்றே மண்டையில் ஏறவில்லை. ஒருமுறை அடுத்த மாசத் தேதியைப் போட்டுவிட்டு விலை குறைந்துவிட்டதே என்று சந்தோஷம் வேறு பட்டேன். கடைசியில் வீட்டுக்காரி லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு, நீங்கள் ஊருக்குப் பேசுங்கள், இதை நான் பார்க்கிறேன் என்றாள். அவளும் அவள் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் போனிலேயே பேசிப் பேசி ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள்.

அவர்கள் செய்தது இவ்வளவுதான். முதலில் ஒரே ஆளுக்குத் தேடினார்கள். மலிவு விலையில் இரண்டு இடம்தான் மிச்சம் என்றால், நாலு பேராகக் கேட்கும்போது நாலு இடமும் இருக்கிற அடுத்த விலைக்கு எல்லோரையும் தூக்கிவிடுகிறார்கள். ஒருவராகக் கேட்டதும் அதே விமானம் 1,950. அப்புறம் பக்கத்து ஊர் விமான நிலையங்களைப் பார்த்தார்கள். பிலடெல்பியாவிலிருந்து தோஹா வழியாகச் சென்னை 1,480, போகவர. எங்கள் வீட்டிலிருந்து பிலடெல்பியா ஒன்றரை மணி நேரக் கார்தான், எனக்கு அது தோன்றவே இல்லை. ஒருவழி டிக்கெட் எடுத்தால் மிச்சமாகும் என்று நான் நினைத்தது இன்னொரு தப்பு, அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரிய கம்பெனிகளில் பல நேரம் ஒருவழி விலை போகவர விலையைத் தொட்டுவிடும். கருமாதி எந்த நாள் என்று தெரியாததால், திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுத்தோம்.

சாவுக்குப் போகிறவர்களுக்கு விமானக் கம்பெனிகள் தரும் சலுகை விலை, துக்கக் கட்டணம் என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். டெல்டாவில், ஏர் கனடாவில் எல்லாம் இருக்கிறது, போனில்தான் கேட்க வேண்டும். அப்படி ஒரு கம்பெனிக்குப் போட்டேன். அந்தப் பெண் தணிவாகத்தான் பேசினாள். இறந்தவர் பெயர், என்ன உறவு என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஈமச்சடங்கு நிலையத்தின் பெயரும் போன் நம்பரும் கேட்டாள். அம்மா, எங்கள் ஊரில் அது வீட்டு வாசல்தான், பந்தல் போட்டிருக்கும், அங்கிருந்து சுடுகாடு. இதை இங்கிலீஷில் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முதல் முதலாக அழுகை வந்தது. கடைசியில் சொன்ன விலை நெட்டில் கிடைத்ததைவிட 300 டாலர் கூட.

புதன் ராத்திரி ஏறி, வெள்ளி விடியற்காலை இரண்டரைக்குச் சென்னை, காரில் பத்தரைக்குப் பள்ளத்தூர். கடைசியில் நான் மட்டும்தான் போனேன். மருமகளும் பேரப்பிள்ளைகளும் வரவில்லையே என்று இன்னும் பேசுகிறார்கள், பேசட்டும்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். இனி யாருக்காவது ஒரு ராத்திரி உதவும்.

கோட்டையூர், டொராண்டோ:

ஏர் கனடா பேச்சு வந்ததால் சொல்கிறேன். துக்கக் கட்டணத்தைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். முழு விலை கொடுத்துப் போய்வந்த பிறகு மிச்சத்தைக் கேட்டால் தரமாட்டார்கள். 2022ல் ஒருவர் பாட்டி இறந்து வான்கூவரிலிருந்து டொராண்டோ போக டிக்கெட் தேடியிருக்கிறார். அந்தக் கம்பெனி வெப்சைட்டில் கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட், இப்போது வாங்கிக்கொள், 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும் என்று சொல்லிவிட்டது. அதை நம்பி வாங்கி, அப்புறம் கேட்டால் இல்லை என்றார்கள். அவர் தீர்ப்பாயத்துக்குப் போனார், பாட் சொன்னதற்கும் கம்பெனிதான் பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னார்கள். அந்த மனிதர் பாட் பேசியதைப் படம் எடுத்து வைத்திருந்தார், அதுதான் அவரைக் காப்பாற்றியது. நாமும் எடுத்து வைப்போம்.

தேவகோட்டை, சிங்கப்பூர்:

நான் இங்கே வொர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். அம்மா இறந்தது தீபாவளிக்கு முந்தின வாரம். திருச்சிக்கு நாலு மணி நேரப் பயணம்தான், தினமும் விமானம் இருக்கிறது, ஆனால் அந்த வாரம் எல்லாம் நிறைந்து கிடந்தது. ஒரே ஒரு இடம், 640 சிங்கப்பூர் வெள்ளி. என் ஒரு மாசச் சம்பளத்தில் பெரும்பகுதி அது. ரூமில் இருந்த புதுக்கோட்டைப் பையன்தான் கோலாலம்பூரிலிருந்து பாருங்கண்ணே என்றான். அங்கேயிருந்து திருச்சி 690 ரிங்கிட், அதாவது கிட்டத்தட்ட 200 வெள்ளி. 2023 டிசம்பரிலிருந்து நம் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம், வருகை அட்டையை மட்டும் போனிலேயே நிரப்ப வேண்டும். ராத்திரி பஸ் ஏறி, ஜொகூரில் இறங்கி வரிசையில் நின்று, விடியும்போது கோலாலம்பூர். பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் ஒரு சீனப் பாட்டி, நான் அழுததைப் பார்த்து ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தது. அதை உரிக்காமலேயே ஊர்வரை கொண்டுபோனேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அந்த மலிவு டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் காசு. கைப்பையோடு போய்விடுங்கள். கேத வீட்டுக்கு யாரும் சாமான் எதிர்பார்ப்பதில்லை.

கண்டனூர், ஊரிலேயே இருப்பவன்:

எல்லோரும் வருகிறவர் பக்கமே சொல்கிறீர்கள். காத்துக்கொண்டிருப்பவன் பக்கம் நான் சொல்கிறேன்.

எங்கள் அப்பச்சி இறந்தபோது அத்தான் மெல்போர்னில். ஆச்சி ஊரிலேயே இருந்தாள். ஐஸ் பெட்டி கொண்டுவந்து வளவில் வைத்தாயிற்று. அத்தானுக்குப் போன் செய்தால் கிளம்பிட்டேன் மாப்பிள்ளை என்றார். சரி என்று மறுநாள் மதியம் எடுப்பதாக ஊருக்குச் சொல்லிவிட்டோம், பங்காளிகள் எல்லாம் வந்துவிட்டார்கள், சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. மறுநாள் காலையில் போன் செய்தால் வீட்டில்தான் இருக்கிறார்! டிக்கெட்டே எடுக்கவில்லை, விலை குறையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். காசு இல்லாத மனிதர் இல்லை, ஆனால் சொல்ல வெட்கப்பட்டார் போலிருக்கிறது. இன்னொரு நாள் தள்ளினோம். அன்றைக்கென்று கரெண்ட் மூன்று மணி நேரம் இல்லை, ஜெனரேட்டர் தேடி நான் காரைக்குடி முழுக்கச் சுற்றினேன். பெட்டிக் கண்ணாடியில் வேர்த்து வேர்த்து வடியும், ஆத்தா (அம்மா) முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாளும் அவரால் வர முடியவில்லை, அவர் இல்லாமல்தான் எடுத்தோம்.

டிக்கெட் கிடைக்கவில்லையா, வாங்க வசதி இல்லையா, நேராகச் சொல்லிவிடுங்கள். எடுத்துவிடுங்கள், நான் காரியத்துக்கு வருகிறேன் என்று ஒரு வார்த்தை. காரியம் என்றால் பத்துப் பதினைந்து நாள் கையில் இருக்கிறது, டிக்கெட் பாதி விலைக்கும் கிடைக்கும். ஒருவரும் தப்பாக நினைக்கமாட்டோம். நினைத்தாலும் சொல்லமாட்டோம்.

பள்ளத்தூர்க்காரன், நியூஜெர்சி:

கண்டனூர் அண்ணே, நானும் முதல் மூன்று மணி நேரம் ஆச்சியிடம் வருகிறேன் வருகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் டிக்கெட் இல்லை.

குன்றக்குடி, ஒஹாயோ:

சுருக்கமாகச் சொல்கிறேன். 2018, மாமனார் தவறியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பிராங்க்பர்ட் வழியாக எடுத்தேன். அமெரிக்க வேலைக்கான என் ஹெச்1பி பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது, பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை மட்டும் காலாவதி. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே விமானம் மாற அப்போது டிரான்சிட் விசா வேண்டும், செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால்தான் விலக்கு. கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். பணம் போனது, நாள் போனது, மறுநாள் துபாய் வழியாகக் கூடுதல் விலைக்குப் போனேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், வாங்குவதற்கு முன்னால் எந்த ஊரில் மாறுகிறோம், அங்கே நமக்கு என்ன வேண்டும் என்று பார்த்துவிடுங்கள்.

24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்தால் முழுப்பணம் என்று யாராவது சொல்வார்கள். அந்த அமெரிக்க விதி பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்கிய டிக்கெட்டுக்குத்தான். நாளைக்குக் கிளம்புகிறவனுக்கு அது கிடையாது. நான் அதை நம்பித்தான் அவசரமாக அழுத்தினேன்.

சாக்கோட்டை, ஷார்ஜா:

தம்பி பைக் விபத்தில் போய்விட்டான். வெள்ளிக்கிழமை. என் பாஸ்போர்ட் ஆபீஸ் லாக்கரில், சாவி வைத்திருப்பவர் போனை எடுக்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் அங்கே சட்டம், ஆனால் லேபர் கேம்ப்பில் சட்டம் பேசினால் என்ன ஆகும் என்று இருப்பவர்களுக்குத் தெரியும். சாயங்காலம்தான் கைக்கு வந்தது. திருச்சிக்கு இடம் இல்லை, மதுரைக்கு இல்லை. கேம்ப்பில் ஒரு மலையாளி அண்ணன்தான் கொச்சிக்குப் போடா என்றார். வளைகுடாவிலிருந்து கேரளாவுக்கு விமானம் நிறைய, ஓணம் மாதிரி சீசன் இல்லையென்றால் ஒரு இடமாவது இருக்கும். கொச்சியில் இறங்கி, கம்பம், தேனி, மதுரை வழியாகக் காரில் வந்தேன், எட்டு மணி நேரம் ஆனது. கார் வாடகை டிக்கெட்டில் பாதி. டிக்கெட்டுக்குக் கேம்ப்பில் எல்லோரும் போட்டுக் கொடுத்தார்கள், எழுதிவைத்து ஒரு வருஷத்தில் திருப்பினேன், இரண்டு பேர் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். அவசரத்தில் விமானக் கம்பெனி நம்பரை கூகுளில் தேடாதீர்கள். எனக்கு வந்த முதல் நம்பரில் பேசியவன் ஓடிபி கேட்டான், நானும் சொல்லிவிட்டேன். 400 திர்ஹாம். தம்பி செத்த அன்றைக்கு.

கானாடுகாத்தான், வயது 81:

பேரன் தட்டச்சு செய்து தருகிறான். எங்கள் ஐயா (தாத்தா) பினாங்கில் கடையில் இருந்தபோது அப்பத்தா இங்கே காலமானார்கள். 1950களில் நடந்தது, நான் சின்னப்பிள்ளை. தந்தி கொடுத்தார்கள். விமானம் எல்லாம் எங்களுக்கு இல்லை, ராஜுலா கப்பல்தான், அதுவும் அது வருகிற அன்றைக்குத்தான். ஐயா நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியபோது கருமாதி முடிந்து வீடு கழுவியாகிவிட்டது. வீட்டுக்குள் வந்தவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பத்தா படுத்திருந்த இரண்டாங்கட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு அங்கேயே கொண்டுவரச் சொன்னார்கள். 

கண்டனூர்த் தம்பி சொல்வது சரி. ஆனால் வெளியூரில் இருப்பவனுக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்றிருப்பதையும் தப்பு சொல்லாதீர்கள். எங்கள் ஐயா சாகும்வரை அந்தத் திண்ணையில்தான் படுத்தார்கள்.

பள்ளத்தூர்க்காரன், நியூஜெர்சி:

எல்லோருக்கும் நன்றி. கானாடுகாத்தான் ஐயா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய்வந்தேன்.

கேட்டவர்களுக்குப் பதில்: சென்னையிலிருந்து திருச்சிக்குத் தனியாக ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாமே என்றால், எடுத்திருக்கலாம். ஆனால் தோஹா விமானம் தாமதமானால் அந்தத் தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை, காசு போச்சு. ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் அடுத்ததில் ஏற்றுவார்கள். கார் நமக்காக நிற்கும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். எல்லோருடைய பாஸ்போர்ட், விசா, பிள்ளைகளின் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது), எல்லாவற்றின் படமும் வீட்டுக்காரியின் தோழியிடம் இருக்கிறது. அவர்களுடையது எங்களிடம் இருக்கிறது. யாருக்குப் போன் வந்தாலும் டிக்கெட் தேடுவது மற்ற குடும்பத்தின் வேலை. ஒரு கிரெடிட் கார்டைத் தொடாமல் தனியாக வைத்திருக்கிறோம்.

இதை ஆத்தாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆத்தாவுக்கு 78. போன வாரம் வீடியோவில் பேசும்போது, அப்பச்சியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே வந்தவர்கள், நடுவில் நிறுத்தி, "எனக்கு அந்த ஐஸ் பெட்டியெல்லாம் வேண்டாம்பா, குளிர் எனக்கு ஆகாது, தெரியும்ல" என்றார்கள். லைன் சரியாகக் கேட்கவில்லை ஆத்தா என்று சொல்லிவிட்டேன்.