நீல எழுத்து கிளேஸில் கரைகிறது, வழி சொல்லுங்க

வணக்கம். பீங்கான் கோப்பையில், கொரிய எழுத்தை அறிமுகப்படுத்தி 1446இல் வெளியான ஹுன்மின்ஜொங்உம் நூலின் எழுத்து வடிவில் கோபால்ட் நீலத்தால் 'சா' என்று எழுதுகிறோம். (கொரியாவிலும் டீக்குப் பேர் அதுதான்.) முதல் சூடு 900 டிகிரி, அப்புறம் கிளேஸ் (கண்ணாடி போன்ற மேல்பூச்சு), அப்புறம் 1260.

சிக்கல் புள்ளியில். அந்தப் பழைய வடிவத்தில் உயிரெழுத்தின் பக்கக்கோடு கிடையாது, சின்ன வட்டப் புள்ளிதான். கிளேஸ் உருகி இழுக்கும்போது புள்ளி நெடுங்கோட்டோடு கரைந்துபோனால் 'சா' 'சி' ஆகிவிடுகிறது!

கோபால்ட் ஆக்சைடு 1 பங்குக்குக் கயோலின் (வெள்ளைக் களிமண்) 3 பங்கு கலந்தோம், ஓட்டம் குறைந்தது. கயோலினை இன்னும் கூட்டினால் எழுத்து வறண்டு சொரசொரக்கிறது. கோபால்ட் தடித்த இடத்தில் கிளேஸ் விலகிக் கருப்புத் திட்டு. கிளேஸை மெல்லிசாக்கினால் உதடு படும் விளிம்பு கரகரக்கிறது, டீ கோப்பைக்கு அது ஆகவே ஆகாது.

கொரியாவின் கோர்யோ அரச காலத்துச் சாங்காம் (பதிப்பு வேலை) மாதிரி, மண் பாதி காய்ந்த பதத்தில் எழுத்தைச் செதுக்கி நிறமண் அடைக்கலாமா? அடைப்பு தனியாகச் சுருங்கி ஓரம் பிளக்கிறது. அதே பீங்கான் மண்ணிலேயே நிறம் கலந்தவர்கள் எத்தனை சதவீதம் போட்டீர்கள்? அடைத்து எவ்வளவு நேரம் கழித்துச் சுரண்டினீர்கள்?