ஓர்சே மியூசியம்: ஸ்டேஷனா இருந்த அடையாளம் இப்பவும் தெரியுமா?

நொய்யல்கரை:
அடுத்த மாசம் பாரிஸ் போறோம். வான்கா, மோனே ஓவியங்களுக்காக ஓர்சே மியூசியம் போகணும். அப்பா ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர். அது பழைய ஸ்டேஷன்னு சொன்னதும் அவருக்குக் கட்டடத்து மேலதான் ஆசை. ஸ்டேஷனை ஏன் மூடினாங்க? உள்ள ஏதாவது மிச்சம் இருக்கா?

லாச்சப்பல்வாசி:
அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் வேலைக்குப் போற ஆர்.இ.ஆர். சி எண்ட புறநகர் ரயில் இண்டைக்கும் அதுக்குக் கீழாலதான் ஓடுது.

1871ல பாரிஸ் கம்யூன் எண்ட மக்கள் எழுச்சி நேரம் எரிஞ்ச அரண்மனை நிண்ட இடம் அது. 1900 உலகக் கண்காட்சிக்கு வாற சனத்துக்கெண்டு விக்தோர் லாலூ கட்டின ஸ்டேஷன். வந்தது மின்சார ரயில், கரிப்புகை இல்லை. அதாலதான் கூரையெல்லாம் பூ வேலைப்பாடு. நடு மண்டபத்தில நிண்டு அண்ணாந்து பாருங்கோ: 138 மீற்றர் நீளம், 32 மீற்றர் உயரம். இப்ப சிலைகள் நிக்கிற இடத்திலதான் தண்டவாளம் கிடந்தது.

மூடின காரணம் அப்பாவுக்குச் சொன்ன உடன விளங்கும். ரயிலுகள் நீண்டுகொண்டே போச்சு, பிளாட்ஃபாரத்தின்ர நீளம் போதாமப் போச்சு. 1939ஓட தூர ரயில் நிண்டிட்டுது, பேந்து புறநகர் ரயில் மட்டும்தான். 1945ல ஜெர்மனியில இருந்து மீண்டு வந்த கைதிகளை இங்கதான் வரவேற்றவை. எந்த ஓவியத்தையும் விட எனக்கு நெஞ்சில நிக்கிறது இதுதான்.

பிறகு இடிச்சுப்போட்டுப் பெரிய ஹோட்டல் கட்டப் பாத்தவை. ஆனா 1971ல லே ஆல் சந்தையின்ர இரும்பு மண்டபங்களை இடிச்சதில ஊர் கொதிச்சுப் போய் இருந்தது. அந்தக் கோபம் இதைக் காப்பாத்திச்சுது. 1978ல பாதுகாக்கப்பட்ட சின்னம், 1986 டிசம்பரில மியூசியம். உள் அமைப்பு இத்தாலியரான காயே அவுலென்தி செய்தது. அவ வைச்ச கல்லுச் சுவர்கள் மண்டபத்தின்ர விசாலத்தைக் குறைச்சிட்டுது எண்டுதான் நான் சொல்லுவன்.

வைகைமீனா:
திங்கட்கிழமை லீவு, பாத்துக்கோங்க. வியாழன் ராத்திரி 9.45 வரை திறந்திருக்கும். அஞ்சாம் மாடில பெரிய கடிகாரத்துக்குப் பின்னாடியே போய் நிக்கலாம். கண்ணாடி வழியா, முள்ளுக்கு நடுவுல செய்ன் நதி தெரியும்.

நொய்யல்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி! அப்பாகிட்ட படிச்சுக் காட்டிட்டேன். ரயில் எந்த ஊருக்கெல்லாம் போச்சுன்னு கேக்கறார்.

லாச்சப்பல்வாசி:
தென்மேற்குப் பக்கம். ஆத்துப் பக்கச் சுவரில ஊர்ப் பேரெல்லாம் செதுக்கிக் கிடக்கு. மேல மூண்டு பெரிய சிலை: பொர்தோ, துலூஸ், நாந்த். உள்ள போக முதல் அதைக் காட்டுங்கோ.