நோயைக் கண்டுபிடிக்க முடிவிலிருந்து பின்னோக்கிப் போவது சரியான வழியா?

லிஸ்ப்தாத்தா:
"பேக்வர்ட் செயினிங் எல்லாம் அருங்காட்சியகச் சரக்கு, மருத்துவத்துக்கு அது ஒருநாளும் ஒத்துவரவில்லை" என்று வேறொரு இழையில் ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். கணினி முதலில் ஒரு முடிவை இலக்காக வைத்துக்கொண்டு, அதற்கு என்ன சான்று வேண்டும் என்று பின்னோக்கித் தேடுகிற முறைதான் அது. அங்கே பதில் சொன்னால் பேச்சு திசை மாறிவிடும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். என் கட்சி நேர் எதிர். நோயாளியைப் பற்றி அடுத்து எதைக் கேட்க வேண்டும், அதை ஏன் கேட்கிறோம் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த முறை இது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: 1970களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப், புரூஸ் புக்கனன், ஸ்டான்லி கோஹன் ஆகியோர் உருவாக்கிய மைசின் என்ற கணினி நிரல்தான் இதற்கு முன்மாதிரி. ரத்தத்தில் பாக்டீரியா, மெனிஞ்சைடிஸ் (மூளையைச் சுற்றிய சவ்வில் அழற்சி) ஆகியவற்றில் கிருமி எது, என்ன ஆன்டிபயாடிக் கொடுப்பது என்று சொல்வது அதன் வேலை. "இப்படி இருந்தால் இது" என்கிற மாதிரி சில நூறு விதிகள், எழுதியது லிஸ்ப் என்ற நிரல் மொழியில். நோயாளியின் விவரங்களை எல்லாம் கொட்டிவைத்துக்கொண்டு இதிலிருந்து என்ன தேறுகிறது என்று அது பார்க்காது. முதலில் இலக்கை வைத்துக்கொள்ளும்: சிகிச்சை தேவைப்படுகிற கிருமி இருக்கிறதா? அதற்குக் கிருமியின் அடையாளம் தெரிய வேண்டும். அடையாளத்தை முடிவு செய்கிற விதிகளைத் தேடி எடுக்கும். அதில் ஒன்று, "கிராம் நெகட்டிவ், கோல் வடிவம், ஆக்சிஜன் இல்லாமல் வளர்வது, இந்த மூன்றும் இருந்தால் பாக்டீராய்டிஸ் என்ற கிருமி என்பதற்கு 0.6 அளவு சான்று" என்று சொல்லும் (முழு உறுதி என்றால் 1). உடனே கிராம் சாயச் சோதனையின் முடிவு (சாயம் ஏற்றிப் பார்த்தால் கிருமி பாசிட்டிவா நெகட்டிவா என்பது) ஒரு குட்டி இலக்காகிவிடும். அது ஆய்வக விவரம் என்பதால் டாக்டரையே நேராகக் கேட்டுவிடும். ஆனால் கல்ச்சரில், அதாவது நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில், வளர்ந்தது நிஜமான கிருமியா, எடுக்கும்போது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதா என்பது போன்ற விஷயத்துக்கு முதலில் தன் விதிகளுக்குள்ளேயே இறங்கித் தேடும்.

எந்தக் கேள்விக்கும் டாக்டர் "ஏன்?" என்று திருப்பிக் கேட்கலாம். எந்த விதியைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன், அதில் எதெல்லாம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது, எது பாக்கி என்று காட்டும். மறுபடி "ஏன்?" என்றால் ஒரு படி மேலே போய் அந்த விதி எந்த இலக்குக்காக என்று சொல்லும். இலக்கு கையில் இருப்பதால்தான் இது முடிகிறது.

வார்டுவாசி:
நான்தான் அந்த "ஒருவர்". மருத்துவன், கணினி ஆள் இல்லை.

உங்கள் விளக்கத்தில் முதல் வரியே எனக்கு இடிக்கிறது. இலக்கு எங்கிருந்து வந்தது? என் முன்னால் உட்காருகிறவர் "சிகிச்சை தேவைப்படும் கிருமி இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. "ஒரு மாதமாக அசதி, எழுந்தால் தலை சுற்றுகிறது" என்று வருகிறார். ரத்தசோகையா, தைராய்டா, ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர் மாத்திரையா, மனச்சோர்வா? இதில் எந்த இலக்கைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பது? எல்லாவற்றையும் வரிசையாகப் பிடித்தால் அவர் மாலை வரை பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நாங்கள் செய்வது வேறு. முதல் சில நிமிடங்களில், வந்திருக்கிற அறிகுறிகளிலிருந்து முன்னோக்கிப் போய் நாலைந்து சந்தேகங்களை எழுப்புகிறோம். அப்புறம்தான் ஒவ்வொன்றையும் சரிபார்க்கப் பின்னோக்கிக் கேள்வி. பொது மருத்துவம் முழுவதையும் பிடிக்க நினைத்த பிட்ஸ்பர்க்கின் இன்டர்னிஸ்ட் திட்டத்தைப் பாருங்கள். அதில் ஐந்நூறுக்கும் மேல் நோய்கள். அது கண்ட அறிகுறிகளிலிருந்து நோய்ப்பட்டியலை எழுப்பித்தான் தொடங்கியது. மைசினுக்கு அந்தத் தலைவலியே இல்லை. அது கூப்பிடப்படுவதற்கு முன்பே ஒரு டாக்டர் "இது தொற்று" என்று முடிவு செய்து கல்ச்சரும் அனுப்பியிருப்பார். கடினமான பாதியை மனிதன் முடித்துக் கொடுத்துவிட்டான்.

லிஸ்ப்தாத்தா:
டாக்டர், இது நல்ல அடி. ஆனால் இரண்டாவது பாதி எளிது என்று யார் சொன்னது? சந்தேகம் எழுப்பிய பிறகு அதிலேயே ஒட்டிக்கொண்டு மற்றதை மறந்துவிடுவதுதானே நீங்களே பயப்படுகிற தவறு. மைசின் ஒரு விதி வெற்றி பெற்றதும் நின்றுவிடாது. முழு உறுதியான விடை கிடைத்தாலொழிய, அந்தக் கேள்விக்கு முடிவு சொல்லக்கூடிய அத்தனை விதிகளையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத்தான் நகரும். அலுப்பு கிடையாது, நைட் டியூட்டி கிடையாது.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1979இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. பத்து மெனிஞ்சைடிஸ் நோயாளிகளின் விவரங்களை மைசினிடமும், ஸ்டான்ஃபோர்டின் தொற்றுநோய்ப் பேராசிரியர்கள் உட்பட மற்றவர்களிடமும் கொடுத்தார்கள். எது யாருடைய பரிந்துரை என்று சொல்லாமல் வெளியிலிருந்து எட்டு நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். மைசினுக்கு 65 சதவீதம் ஏற்பு. பேராசிரியர்களில் யாரும் 62.5ஐத் தாண்டவில்லை.

வார்டுவாசி:
பத்தே பத்துக் கேஸ். அதுவும் யாரோ சுத்தமாகச் சுருக்கி எழுதிக் கொடுத்த கேஸ். இன்னொன்றையும் கவனியுங்கள், சிறந்தவருக்கே 65 என்றால் அந்த எட்டு நிபுணர்கள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றுதான் அர்த்தம்.

"அத்தனை விதிகளையும் பார்க்கும்" என்பதிலும் ஓர் ஓட்டை. அத்தனை விதி என்றால் அதனிடம் இருக்கிற அத்தனை விதி. கடும் தலைவலி, கழுத்து விறைப்போடு ஒருவர் வருகிறார், உண்மையில் மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு. தொற்றை மட்டுமே தெரிந்த அமைப்பு என்ன செய்யும்? தன் பட்டியலுக்குள் எந்தக் கிருமி என்று மிகப் பொறுமையாக விசாரித்துக்கொண்டிருக்கும்.

நிகழ்தகவு:
இருவரும் முக்கியமான இடத்தைத் தாண்டிப் போகிறீர்கள். முன்னோக்கியா பின்னோக்கியா என்பது தேடும் வரிசை, அவ்வளவுதான். என் சண்டை அந்த 0.6 உடன்.

மைசினின் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். ஒரு விதியின் மூன்று நிபந்தனைகளுக்கு உறுதி 1, 0.9, 0.8 என்று வைத்துக்கொள்வோம். குறைந்ததை எடு: 0.8. விதியின் சொந்த உறுதி 0.7 என்றால் பெருக்கினால் 0.56. இன்னொரு விதி அதே முடிவுக்கு 0.4 தருகிறது. இரண்டையும் சேர்க்கும் முறை: 0.56 + 0.4 × (1 − 0.56) = 0.736. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் முதல் விதி காய்ச்சலையும் இரண்டாவது விதி வெள்ளணு எண்ணிக்கையையும் வைத்துப் பேசினால்? இரண்டும் ஒரே அழற்சியின் இரண்டு முகங்கள். ஒரே சான்றை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். இந்த எண்களுக்கு நிகழ்தகவாகப் பொருள் கொடுக்க வேண்டுமானால் சான்றுகள் ஒன்றையொன்று சாராதவை என்று ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்பதை டேவிட் ஹெக்கர்மன் 1986இல் காட்டினார். நோயில் அது எங்கே நடக்கிறது?

அதே காலத்தில் இங்கிலாந்தின் லீட்ஸில் டி டோம்பல் குழு எந்த விதிச் சங்கிலியும் இல்லாமல் பேய்ஸ் கணக்கை (ஒவ்வொரு சான்றுக்கும் ஏற்ப நிகழ்தகவைத் திருத்துகிற சூத்திரம்) மட்டும் வைத்துக் கடும் வயிற்றுவலியைப் பிரித்தது. 1972இல் வெளியான முடிவு: 304 நோயாளிகள், கணினி 91.8 சதவீதம் சரி, மூத்த டாக்டர்கள் 79.6.

லிஸ்ப்தாத்தா:
ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். லீட்ஸ் அமைப்பும் அறிகுறிகள் ஒன்றையொன்று சாராதவை என்றுதானே வைத்துக்கொண்டது? அதே பாவத்தை அவர்கள் செய்தால் கணிதம், நாங்கள் செய்தால் குற்றமா?

அதுபோக, 0.6ஐக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றினால் என்ன ஆகும் என்று மைசின் குழுவினரே சோதித்தார்கள். எண்களை நாலைந்து படிகளாகக் கரடுமுரடாகச் சுருக்கியும் பரிந்துரைகள் பெரிதாக மாறவில்லை. காரணம் மருத்துவத்தில் இருக்கிறது: சந்தேகப் பட்டியலில் நாலு கிருமி இருந்தால், நாலையும் மடக்குகிற மருந்தைத்தான் தேடப்போகிறோம். எது 0.7, எது 0.55 என்பதில் மருந்து மாறாது.

நிகழ்தகவு:
லீட்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அவர்களுடைய எண்கள் உண்மையான நோயாளிகளை எண்ணி வந்தவை, உங்களுடையவை நிபுணரின் தலையிலிருந்து வந்தவை. மருந்து மாறாததும் தொற்றுக்குத்தான் பொருந்தும். அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்ற இடத்தில் "நாலையும் மடக்குவோம்" என்று சொல்ல முடியாது.

மூன்றாமாண்டு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கல்லூரி ப்ராஜெக்டுக்காக புரோலாக் என்ற நிரல் மொழியில் சின்ன நோயறியும் அமைப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். புரோலாக்கே பின்னோக்கித்தான் போகிறது, அதனால் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று நண்பன் சொல்கிறான். "பெனிசிலின் கொடுக்கலாம்: அதற்குக் கட்டுப்படும் கிருமி இருந்து, அலர்ஜி இல்லாவிட்டால்" என்று ஒரு விதி. சரியாகத்தானே இருக்கிறது?

நிகழ்தகவு:
தம்பி, அந்த "இல்லாவிட்டால்" ஆளைக் கொல்லும். புரோலாக்கில் "இல்லை" என்பதற்கு "நிரூபிக்க முடியவில்லை" என்று பொருள். அலர்ஜி பற்றி யாரும் எதுவும் பதிவு செய்யவில்லை என்றால், அலர்ஜி இல்லை என்று எடுத்துக்கொண்டு ஊசியைப் போடச் சொல்லிவிடும்.

லிஸ்ப்தாத்தா:
இந்த ஒரு விஷயத்தில் நானும் நிகழ்தகவும் ஒரே பக்கம். மைசினில் இது பிரித்தே வைக்கப்பட்டிருந்தது. உறுதி அளவு −1 முதல் +1 வரை போகும். −1 என்றால் நிச்சயமாக இல்லை, 0 என்றால் ஒன்றும் தெரியாது. ஒரு விவரம் தெரிந்திருக்கிறதா, தெரியவில்லையா என்று சோதிப்பதற்கே தனிச் செயல்பாடுகள் உண்டு. டாக்டர் "தெரியாது" என்று பதில் சொன்னாலும் அமைப்பு அதை "இல்லை" என்று மாற்றிக்கொள்ளாமல் மேலே நடக்கும். நீங்களும் அலர்ஜிக்கு மூன்று மதிப்பு வையுங்கள்: உண்டு, இல்லை, தெரியாது. தெரியாது என்றால் கேட்கட்டும். கேட்டும் தெரியாவிட்டால் அந்த விதி நகரக்கூடாது.

வார்டுவாசி:
நல்ல பையன், சரியான இடத்தில் கேட்டிருக்கிறார்.

தாத்தா, உங்கள் "ஏன்?" பற்றி இன்னும் நான் பேசவில்லை. மைசினில் ஒரு விதி: நோயாளிக்கு எட்டு வயதுக்குக் கீழே என்றால் டெட்ராசைக்ளின் கொடுக்காதே. இப்போது டாக்டர் "ஏன் வயதைக் கேட்கிறாய்?" என்கிறார். அமைப்பு அந்த விதியைக் காட்டும். சரி, அந்த விதி ஏன்? அதற்கு மேல் வாய் திறக்காது. அந்த மருந்து வளரும் பல்லில் படிந்து நிறத்தைக் கெடுக்கும் என்ற சங்கதி விதிக்குள் எங்கும் இல்லை. உயிர் போகிற தொற்று, வேறு மருந்து கைவசம் இல்லை என்றால், பல் கறை பரவாயில்லை என்று நான் விதியை மீறுவேன். காரணம் தெரிந்தவனுக்குத்தான் எப்போது மீறலாம் என்று தெரியும். அது தான் நடந்து வந்த தடத்தைத்தான் காட்டுகிறது, நீங்கள் அதை விளக்கம் என்கிறீர்கள்.

இன்னொன்று. சில விதிகளில் "வயது 17க்கு மேல், மற்றும் குடிப்பழக்கம் உண்டு" என்று நிபந்தனைகள் அந்த வரிசையில் இருக்கும். ஏன் வயது முதலில்? குழந்தையைப் பற்றி "இவர் குடிப்பாரா?" என்று கேட்டு அசிங்கப்படக் கூடாது என்பதற்காக. தர்க்கப்படி வரிசை எப்படி இருந்தாலும் ஒன்றுதான், ஆனால் கேள்வி கேட்கும் பக்குவம் முழுக்க அந்த வரிசைக்குள் ஒளிந்திருக்கிறது. "ஏன்" என்று கேட்டால் இதையும் சொல்லாது.

லிஸ்ப்தாத்தா:
இதைக் கண்டுபிடித்து எழுதியவரே அந்தக் குழுவைச் சேர்ந்த வில்லியம் கிளான்சிதான், 1983இல். மைசினை வைத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான் விதிகளுக்குள் என்னவெல்லாம் எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. பிறகு கேள்வி கேட்கும் உத்தியையும் மருத்துவ அறிவையும் பிரித்து நியோமைசின் என்று புதிதாக எழுதினார்கள். விதிகள் வாசிக்கிற மாதிரி இருந்ததால்தான் குறை எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது டாக்டர். இன்றைய நியூரல் நெட்வொர்க்கில் அந்த 17ஐத் தேடி எடுங்கள் பார்ப்போம்.

வார்டுக்கே வரவில்லை என்பீர்கள். மைசின் வரவில்லைதான், ஒரு நோயாளிக்கு அரை மணிக்கு மேல் டைப் அடிக்க யாருக்கு நேரம். ஆனால் மைசினின் விதிகளை ஓட்டிய அதே எஞ்சினில் நுரையீரல் சோதனைகளைப் படிக்கிற பஃப் என்ற அமைப்பு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் அன்றாட வேலையே பார்த்தது. என்ன, வேலைக்குப் போகும்போது அதை பேசிக் மொழிக்கு மாற்றிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வார்டுவாசி:
பஃப் என் பக்கத்துச் சாட்சி. விவரம் கருவியிலிருந்து வந்தது, யாரையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. முடிவுப் பட்டியலும் குட்டி. அறிக்கையை ஒரு டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட்டார். எல்லா விவரமும் முன்கூட்டியே கையில் இருக்கும்போது பின்னோக்கிப் போனால் என்ன, முன்னோக்கிப் போனால் என்ன? நீங்கள் முதலில் பெருமையாகச் சொன்ன "அடுத்து எதைக் கேட்பது" அங்கே தேவைப்படவே இல்லையே.

மூன்றாமாண்டு:
அலர்ஜிக்கு மூன்று மதிப்பு வைத்துவிட்டேன். இப்போது கர்ப்பமா என்ற கேள்வியை ஆண்களிடமும் கேட்கிறது. வயதையும் பாலினத்தையும் முன்னால் தள்ள வேண்டும், அப்படித்தானே?

லிஸ்ப்தாத்தா:
தள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு விதியிலும் தனித்தனியாகத் தள்ளாமல், "கர்ப்பம் என்ற கேள்வி யாருக்குப் பொருந்தும்" என்று தனியாக ஒரே இடத்தில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் இதே டாக்டர் உங்களையும் பிடித்துக்கொள்வார்.