அப்பா இன்னும் இதை 'உன் வீடு' என்றுதான் சொல்கிறார்

லயத்துப்பெண், சுங்கை சிப்புட், மலேசியா:
எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள். பிறகு நாங்கள் குடியிருந்த லயத்தையும், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளையும், இடித்தார்கள். கடன் வாங்கித் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அப்பாவுக்கு 71 வயது. நாற்பது வருடம் மரம் சீவிப் பால் எடுத்தவர். இப்போதும் விடிகாலை 4.30 மணிக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டு, வேலைக்குமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிறவர் மாதிரி வாசலுக்கு வருகிறார். கிரில் கதவின் பூட்டைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். 'நம் வீடு' என்றால் அவருக்கு லயம். இது 'உன் வீடு'. கேட்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புது வீடு எப்படி மனத்தில் ஒட்டியது?

ஈப்போ அக்கா:
கோயில் வேலையில் ஈடுபடுத்துங்கள். என் மாமியாருக்கு அம்மன் கோயிலில் பூக்கட்ட உட்கார்ந்த பிறகுதான் ஊர் பழகியது.

லயத்துப்பெண்:
வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிப்போகிறேன் அக்கா. சாமி கும்பிட்டதும் கிளம்பலாம் என்கிறார்.

கெடாக்காரன்:
தங்கச்சி, என் தாத்தாவும் பால் வெட்டியவர்தான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். மாதம் 10 வெள்ளி சந்தா. மறுவருடம் எங்கள் பக்கத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தாத்தா தன் சந்தா அட்டையைக் கடைசிவரை சாமி மேடையில் வைத்திருந்தார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். அவர் குடியிருந்த வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. அந்த அட்டைதான் அவருக்குப் பிடிமானம்.

உங்கள் பதிவில் ஒன்று உறுத்துகிறது. அப்பா பூட்டைப் பார்க்கிறார் என்கிறீர்களே, சாவி யாரிடம் இருக்கிறது?

லயத்துப்பெண்:
என்னிடம் ஒன்று, என் வீட்டுக்காரரிடம் ஒன்று. இருட்டில் எங்கேயாவது விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் கொடுக்கவில்லை. லயத்தில் பூட்டே கிடையாது அண்ணா, வெறும் தாழ்ப்பாள்தான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

லயத்துப்பெண் (பத்து நாள் கழித்து):
பஜாரில் சாவி அடித்துக் கொடுத்தேன். வாங்கி, அரைஞாணில் முடிந்துகொண்டார். மறுநாள் ஐந்து மணிக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆறரைக்குக் கையில் ரொட்டி சானாய்ப் பொட்டலத்துடன் வந்தார். முச்சந்தி ஒட்டுக்கடையில் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த எங்கள் பழைய தண்டலும் இன்னும் இரண்டு பேரும் தினமும் கூடுகிறார்களாம். இத்தனை நாளாக இவரைத்தான் காணோம் என்றார்களாம்.

'உன் வீடு' மாறவில்லை. ஆனால் நேற்று, "நாளைக்குத் தண்டலை இங்கே டீ குடிக்க வரச் சொல்லியிருக்கிறேன், பால் இருக்கிறதா?" என்று கேட்டார். இரண்டு டின் வாங்கி வைத்திருக்கிறேன்.