புரொடக்‌ஷன் சர்வர் என் டெஸ்க்டாப்பைத் தேடிய கதை: விஸ்டில் அனுபவங்கள்

சோப் சர்வீஸெல்லாம் (இரண்டு புரோகிராம்கள் எக்ஸ்எம்எல்லில் பேசிக்கொள்ளும் பழைய முறை) செத்துப்போய்விட்டது என்று யாராவது சொன்னால், அவர் காப்பீடு, வங்கிப் பக்கம் வேலை பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்வேன். எனக்கு முதல் டபிள்யூஎஸ்டிஎல் ஃபைல் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மெயிலில் வந்தது. முழுப்பெயர் சொல்ல ஆபீசில் யாருக்கும் பொறுமை கிடையாது, 'விஸ்டில்'தான். என்னென்ன ஆபரேஷன், எதைக் கொடுத்தால் எது திரும்பி வரும், எந்த முகவரியில் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு ஃபைலில் இருக்கும்.

டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் போட்டு, ஃபைலை அதில் இறக்கி, ஜாவா 8 கூடவே வரும் டபிள்யூஎஸ்இம்போர்ட்டை (விஸ்டிலைப் படித்து ஜாவா கோட் எழுதித் தரும் டூல்) ஓட்டினேன். நாற்பது சொச்சம் கிளாஸ் பொலபொலவென்று வந்து விழுந்தன. ஒரு வரி கூட நானே எழுதவில்லை. ஆப்ஜெக்ட் செய்து மெத்தடைக் கூப்பிட்டால் பதில் வருகிறது! அன்றைக்கு மதியம் டீக்கடையில் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டெஸ்ட் சர்வரிலும் ஓடியது. புரொடக்‌ஷனுக்குப் (நிஜப் பயனாளர்கள் இருக்கும் சர்வர்) போன ராத்திரிதான் வினை. பதினோரு மணிக்கு கால், லைனில் பன்னிரண்டு பேர். முதல் அழைப்பே விழுந்துவிட்டது. கிளையன்ட் பக்கத்து மேனேஜர் லாகில் இருந்த எர்ரரைச் சத்தமாகப் படித்தார். விஸ்டிலை அணுக முடியவில்லையாம், கூடவே பாதை: சி டிரைவ், யூசர்ஸ், என் லாகின் பெயர், டெஸ்க்டாப், 'நியூ ஃபோல்டர் 2'. ஸ்பேஸ் வந்த இடங்களில் 'சதவீதம் இருபது' என்பதையும் விடாமல் படித்தார். நான் மியூட்டில் இருந்தது புண்ணியம்.

நடந்தது இதுதான். வந்து விழுந்த கிளாஸ்களில் 'சர்வீஸ்' என்று பெயர் முடிகிற ஒன்று இருக்கும். விஸ்டிலை எங்கிருந்து படித்து கோட் உருவாக்கினோமோ, அந்தப் பாதையை டூல் அதற்குள் எழுதி வைத்துவிடும். அந்த கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஜாவா அந்த ஃபைலை மறுபடி தேடிப்போய்ப் படிக்கும். ஓடும் நேரத்தில் விஸ்டில் எதற்கு, கோட்தான் வந்துவிட்டதே என்று நான் நினைத்திருந்தேன். அப்படியானால் டெஸ்ட் சர்வரில் எப்படி ஓடியது? ரிமோட்டில் போய் அங்கேயும் அதே லாகினில், அதே பெயரில் ஃபோல்டர் போட்டு வைத்திருந்தேன். என் சோம்பல் எனக்கே குழி பறித்தது.

சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. விஸ்டிலை ஜாருக்குள் (ஜாவா புரோகிராமின் தொகுப்பு ஃபைல்) வைத்து, சர்வீஸ் கன்ஸ்ட்ரக்டருக்கு அந்த இடத்தின் யூஆர்எல்லைக் கொடுத்தேன். கோட் உருவாக்கும்போதே 'விஸ்டில்லொகேஷன்' ஆப்ஷனைக் கொடுத்திருக்கலாம். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

நண்பரே, உங்களுக்காவது எர்ரர் வந்தது. நான் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் வேலை பார்க்கிறவன். எங்களுக்கு எர்ரரே வரவில்லை, அதுதான் தொல்லை.

விசுவல் ஸ்டுடியோவில் பழைய ஆட் வெப் ரெஃபரன்ஸ் வழியாக கிளையன்ட் செய்தோம். ஆர்டரில் 'டிஸ்கவுண்ட்' என்று ஒரு டெசிமல் ஃபீல்டு. அதில் 150 வைத்து அனுப்புகிறோம், எதிர்முனையில் தள்ளுபடியே இல்லாமல் பில் போடுகிறார்கள். "நீங்கள் அனுப்பவில்லை" என்று அவர்கள், "அனுப்பினோம், டீபக்கரில் 150 தெரிகிறதே" என்று நாங்கள். இரண்டு நாள் மெயில் சண்டை, சிசியில் ஆள் கூடிக்கொண்டே போனது. கடைசியில் போகிற வருகிற ரிக்வெஸ்ட்டைக் காட்டும் ஃபிட்லர் டூல் போட்டுப் பார்த்தால், கம்பியில் போகிற எக்ஸ்எம்எல்லில் அந்த எலிமென்ட்டே இல்லை!

விஸ்டிலில் ஃபீல்டுகளை விவரிக்கும் ஸ்கீமாவில் அந்த ஃபீல்டு கட்டாயமில்லை, மின்அக்கர்ஸ் (குறைந்தது எத்தனை முறை வர வேண்டும்) 0. டெசிமலுக்கு நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வைக்க முடியாது என்பதால், டூல் பக்கத்திலேயே 'டிஸ்கவுண்ட்ஸ்பெசிஃபைடு' என்று ஒரு பூலியனும் செய்து வைக்கும். அதை ட்ரூ என்று வைக்காவிட்டால் மதிப்பு போகாது, எர்ரரும் கிடையாது. மன்னிப்பு மெயிலை நான்தான் அடித்தேன், அதே சிசியோடு. அப்புறம் எந்தக் கிளையன்ட் செய்தாலும் முதல் ரிக்வெஸ்ட்டின் எக்ஸ்எம்எல்லைக் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை.

* * *

எங்களுக்கு வந்த விஸ்டில் ஒரு கிழவன். டபிள்யூஎஸ்இம்போர்ட் ஃபைலைத் திறந்ததுமே ஆர்பிசி என்கோடட் ஸ்டைல் (செய்தியை எக்ஸ்எம்எல்லாக அமைக்கும் பழைய முறை) எனக்கு ஆகாது என்று கையை விரித்துவிட்டது. வெப் சர்வீஸ்களுக்கான பொது விதித்தொகுப்பாக 2004-இல் வந்த பேசிக் ப்ரொஃபைல் 1.0-இலேயே ஒதுக்கப்பட்ட ஸ்டைல் அது. எதிர்முனையில் மாற்ற ஆளில்லை. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் 2006-இல் வெளிவந்த ஆக்சிஸ் 1.4 என்ற பழைய சோப் லைப்ரரியைத் தேடியெடுத்து, அதன் விஸ்டில்டூஜாவாவால் கோட் செய்தோம். அந்த ஜார் இன்றும் ஓடுகிறது. செக்யூரிட்டி ஸ்கேனில் சிவப்பாக வரும், ஒவ்வொரு முறையும் விளக்கக் கடிதம் கொடுக்கிறோம்.

* * *

அண்ணா, ஒரு சந்தேகம். ஜாவா 11-க்கு மாறிய பிறகு பில்ட் சர்வரில் டபிள்யூஎஸ்இம்போர்ட் என்ற கமாண்டே இல்லை என்கிறது. என் மெஷினில் ஓடுகிறது. அப்புறம், எனக்கு வந்த விஸ்டிலின் அட்ரஸ் இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் (ஓடுகிற மெஷினையே குறிக்கும் பெயர்) என்று இருக்கிறது. வேறு ஃபைல் கேட்க வேண்டுமா?

* * *

தம்பி, உன் மெஷினில் இன்னும் ஜாவா 8 இருக்கும், பார். 2018 செப்டம்பரில் வந்த 11-இல் சோப், எக்ஸ்எம்எல் வேலைக்கான ஜாக்ஸ்டபிள்யூஎஸ், ஜாக்ஸ்பி இரண்டையும், கூடவே டபிள்யூஎஸ்இம்போர்ட்டையும், ஜேடிகேயிலிருந்து (ஜாவா டெவலப்பர் தொகுப்பு) எடுத்துவிட்டார்கள். இப்போது அவற்றை மேவன் என்ற பில்ட் டூலில் டிபெண்டன்சியாகச் சேர்த்து, கோட் உருவாக்குவதை பிளகினிடம் விட வேண்டும். அதில் ஒரு வசதி: ஒவ்வொரு பில்ட்டிலும் கோட் புதிதாக உருவாகும், எவன் டெஸ்க்டாப்பும் தேவையில்லை. புதிய வெர்ஷன் எடுத்தால் பேக்கேஜ் பெயர் ஜாவாக்ஸிலிருந்து ஜகார்த்தாவாக மாறியிருக்கும், இம்போர்ட் வரிகளையும் மாற்று.

லோக்கல்ஹோஸ்டுக்குப் பயப்படாதே. அவர்கள் டெவலப்பர் தன் மெஷினிலிருந்தே ஃபைலை எடுத்து அனுப்பியிருப்பார். சரியான முகவரியை மட்டும் கேட்டு வாங்கு. சர்வீஸைக் கூப்பிட உதவும் போர்ட் ஆப்ஜெக்டை பைண்டிங்ப்ரொவைடராக காஸ்ட் செய்து, ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டில் எண்ட்பாயிண்ட் அட்ரஸை (கூப்பிட வேண்டிய முகவரி) மாற்றிவிடலாம். அந்த முகவரியை கோடில் எழுதாமல் கான்ஃபிக் ஃபைலில் வை. உருவான கிளாஸில் மட்டும் கை வைக்காதே, அடுத்த பில்ட்டில் அழிந்துபோகும்.